கேட்ட வாசலுக்குத் திரும்பிப் போங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, களத்துக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கும் ஆய்வாளர்களுக்கு,



கோர்ஸ் ஒர்க் முடித்திருப்பீர்கள். தலைப்பு ஏறக்குறைய முடிவாகியிருக்கும். எத்திக்ஸ் கமிட்டிக்குத் தர வேண்டிய படிவங்களை நிரப்பிக்கொண்டிருப்பீர்கள். வினாப்பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஊர்களுக்குப் புறப்படும் முன் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை. பொதுச் சுகாதாரம், சூழலியல், கல்வியியல், சமூகவியல், பொருளியல் என்று உங்கள் துறைகள் வேறுவேறு. நான் கேட்க நினைப்பது எல்லோருக்கும் பொதுவான ஒன்று. ஆய்வு முடிந்த பிறகு, தகவல் வாங்கிய வாசலுக்கு ஒரு முறையாவது திரும்பிப் போங்கள். உங்களால் போக முடியாவிட்டால், பின்னால் வரும் ஒருவர் போகும்படியாக உங்கள் தரவை விட்டுச்செல்லுங்கள்.

அந்த வாசலில் என்ன நடக்கும் என்று உங்கள் சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, உலை வைக்கப் போகிற நேரத்தில் ஒரு பெண்மணியைப் பிடித்து உட்கார வைப்பீர்கள். குடும்பத்தில் எத்தனை பேர், யார் யார் என்ன படித்தார்கள், எவ்வளவு கடன், எந்த நோய்க்கு எந்த ஆஸ்பத்திரி, கழிவறை உண்டா, கணவர் குடிப்பாரா என்று கேட்டுக்கொண்டே போவீர்கள். பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாததை அவர் உங்களிடம் சொல்வார். கடைசியில் ஒரு கேள்வி அவரிடமிருந்து வரும். “இவ்வளவும் எழுதிக்கிட்டுப் போறீங்களே, எங்களுக்கு ஏதாவது வருமாப்பா?” பட்டா வருமா, வீடு வருமா, நின்றுபோன உரிமைத்தொகை மறுபடி வருமா என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கும். “இல்லைம்மா, இது என் படிப்புக்காக” என்று உண்மையைச் சொல்வீர்கள். அதற்குப் பிறகும் அவர் உங்களுக்கு டீ போட்டுத் தருவார். உங்கள் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க, இப்படி முந்நூறு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டுத் தந்த நேரத்தால் ஆனது.

பதிலுக்கு அவர்களுக்கு நாம் தருவது அநேகமாக ஒன்றுமில்லை. கண்டுபிடித்தது என்ன என்ற செய்திகூட அந்த ஊருக்குப் போய்ச் சேர்வதில்லை. கிராமங்களைப் பற்றி எழுதும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், போகிற ஊரிலெல்லாம் காதில் விழும் வாசகம் இது: “போன வருசம்கூட காலேஜ்ல இருந்து வந்து எழுதிட்டுப் போனாங்க.” யார் வந்தார்கள், எந்தக் கல்லூரி, எதற்காக என்று கேட்டால் தெரியாது.

திரும்பிப் போவதை ஒரு நன்றிக்கடன் என்று மட்டும் நினைத்து இதை எழுதவில்லை. நம் மாநிலத்தில் நடந்த நல்ல ஆய்வுகள் பலவும் திரும்பிப் போனதால்தான் நல்ல ஆய்வுகள் ஆயின. அதில் முதலில் சொல்ல வேண்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதை. பொருளியல் மாணவர்களைத் தவிர மற்றவர்கள் அதை அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

அப்பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915-இல் இங்கிலாந்திலிருந்து வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் புதிதாக வந்தவர். அவரிடம் படித்த மாணவர்களோ இந்த ஊர்களிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். 1916-இல் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, தங்களுக்குத் தெரிந்த கிராமங்களுக்கே போய் விசாரித்து எழுதிவரச் சொன்னார். தென்னாற்காட்டில் இருவேல்பட்டு, வடஆற்காட்டில் தூசி, தஞ்சையில் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்தில் வடமலாபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான். அவற்றோடு வேறு சில ஊர்களும், மலபார்ப் பக்கத்து ஊர்களும் சேர்ந்தன. நிலம் யார் கையில், குத்தகை எவ்வளவு, பண்ணையாளுக்கு என்ன கூலி, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று மாணவர்கள் எழுதிவந்தவை ஸ்லேட்டரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1918-இல் நூலாக வந்தன. பட்டப்படிப்பு மாணவர்கள் விடுமுறையில் செய்த வேலை அது.

அதோடு முடிந்திருந்தால் நூலகத்தின் ஒரு மூலையில் இருந்திருக்கும். இருபது ஆண்டுகள் கழித்து, 1930-களின் நடுவில், அதே பல்கலைக்கழகத்தின் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆய்வு செய்தார்கள்; அது 1940-இல் நூலாயிற்று. 1960-களின் தொடக்கத்தில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன், வெங்கடேஷ் ஆத்ரேயா முதலானோர் ஊர் ஊராக மறு ஆய்வு செய்து அறிக்கை எழுதினார்கள். இருவேல்பட்டுக்கு 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். 1916 முதல் 2008 வரை தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள், ஒரே ஊர். பண்ணையாள் முறை எப்படி மறைந்தது, நிலம் வைத்திருந்தவர்களின் பிடி எப்படித் தளர்ந்தது, ஊரார் வருமானத்தில் வயலின் பங்கு எப்படிக் குறைந்துகொண்டே வந்தது என்பதையெல்லாம் ஊகமாகப் பேசாமல் ஆதாரத்தோடு பேச முடிகிறதென்றால், அதற்குக் காரணம் இந்தப் போக்குவரத்துதான். கங்கைகொண்டானை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லேட்டரின் மாணவர் பார்த்த விவசாய ஊரின் எல்லையில் இன்று சிப்காட் இருக்கிறது. பாலக்குறிச்சிக்கு அருகில்தான் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணி. 2019-இல் வேளாண் ஆய்வாளர்கள் குழு ஒன்று பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் சேர்த்தே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. அந்த வட்டாரத்தில் கூலியும் நிலமும் சாதியும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கிடந்தன என்று அறிய விரும்பும் ஒருவருக்கு, படுகொலைக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்ட குறிப்பும் அரை நூற்றாண்டுக்குப் பின் எடுக்கப்பட்ட கணக்கும் கையில் இருக்கின்றன. உலகில் எத்தனை கிராமங்களுக்கு இப்படி வாய்க்கும்!

இதில் எனக்குப் பெரிதாகப்படுவது அந்த முதல் மாணவர்களின் சிரத்தை. அடுத்து ஒருவர் வருவார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் வந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுக்கு விவரமாக எழுதிவைத்திருந்தார்கள். இன்றைய ஆய்வேடுகளில் இந்த விவரம்தான் காணாமல் போகிறது. ‘தினக்கூலி 400 ரூபாய்’ என்று எழுதுகிறோம். அது ஆணுக்கா, பெண்ணுக்கா? காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரையா, பொழுது சாயும் வரையா? டீயும் வடையும் தனியா, சேர்த்தா? நடவுக்கா, களையெடுப்புக்கா? காண்டிராக்டாகப் பேசிக்கொண்டு செய்த வேலையில் தலைக்கு விழுந்த பங்கா? இதைக் குறிக்காவிட்டால் 2045-இல் அதே ஊருக்குப் போகும் ஒருவருக்கு உங்கள் 400 ரூபாயால் ஒரு பயனும் இல்லை. நாம் விட்டுவிடும் விவரங்களில் பின்னால் எது தேவைப்படும் என்று எழுதும் நேரத்தில் நமக்குத் தெரியாது. அதனால் சின்னச் சின்ன விவரங்களை அலட்சியப்படுத்தாதீர்கள்.

இன்னொரு வருத்தமும் உண்டு. பட்டம் வாங்கிய சில மாதங்களில் நிரப்பிய வினாப்பட்டியல்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும், வீட்டில் இடமில்லை, லேப்டாப் பழுதானதும் எஸ்பிஎஸ்எஸ் கோப்பும் அதோடு போயிற்று. ஆய்வேடு மட்டும் ஷோத்கங்காவில் பிடிஎஃப்பாக இருக்கும். அதிலே சதவீத அட்டவணைகள் இருக்கும். அந்தச் சதவீதம் எந்தெந்தப் பதில்களிலிருந்து வந்தது என்பது இருக்காது. அடுத்து வரும் ஆய்வாளர் அதே ஊரில், அதே மக்களிடம், அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்பார். மக்களுடைய நேரம் இரண்டாம் முறையும் வீணாகும்.

தரவை வெளியே வைப்பதில் ஒரு பயம் இருக்கிறது, எனக்குத் தெரியும். யாராவது எடுத்துப் பார்த்து நம் முடிவு தப்பு என்று சொல்லிவிட்டால்? அப்படி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்த கதிரேசனும் ராஜேந்திரனும் 2004 சுனாமிக்குப் பிறகு 18 கடலோரக் குப்பங்களின் விவரங்களைத் திரட்டினார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரைமட்டத்தின் உயரம் என்ன, இடையில் அலையாத்திக் காடு உண்டா, எத்தனை உயிர் போயிற்று, எவ்வளவு சொத்து போயிற்று. அலையாத்திக் காடுகள் உயிர்களைக் காத்தன என்பது 2005-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் முடிவு. மறு ஆண்டே வேறு மூன்று ஆய்வாளர்கள், அதே விவரங்களை வேறு முறையில் கணக்கிட்டு, சாவு எண்ணிக்கையில் தெரியும் வேறுபாட்டைத் தூரமும் உயரமுமே பெருமளவு விளக்கிவிடுகின்றன, காட்டின் பங்கை இதை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்று பதில் எழுதினார்கள். விவாதம் அங்கிருந்து வளர்ந்தது. மரங்கள் எந்த அளவு அலையை, எந்தச் சூழலில் தடுக்கும் என்று பின்னால் நடந்த ஆராய்ச்சிகள் அந்தச் சர்ச்சைக்குக் கடன்பட்டவை. இதிலே பரங்கிப்பேட்டைக்காரர்களுக்கு ஒரு குறைவும் இல்லை என்பது என் எண்ணம். குப்பத்துக்குக் குப்பம் எடுத்த கணக்கை அவர்கள் கட்டுரையிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதனால்தான் மற்றவர்கள் அதைச் சரிபார்க்க முடிந்தது. மறைத்து வைத்திருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். நமக்கும் எதுவும் கூடுதலாகத் தெரிந்திருக்காது.

எதிர்பார்த்த முடிவு வராதபோதும் இதே நேர்மை வேண்டும். 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்கேற்றார்கள். பல ஆண்டுகள் வீடு வீடாகத் தொடர்ந்து பார்த்த பிறகு கிடைத்த விடை, வளர்ந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பது. உலகமே நம்பியிருந்த ஒன்றுக்கு எதிரான முடிவு. வெளியிட்டார்கள். அண்மையில் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் கர்ப்பிணிகளுக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் கொடுத்து, பிறக்கும் குழந்தையின் எடை கூடுகிறதா என்று ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் பார்த்தார்கள். இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா என்று நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளோடு நடந்த பெரிய ஆய்வின் ஒரு பகுதி அது. வீட்டுப் புகை நன்றாகவே குறைந்தது. குழந்தையின் எடையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 2022-இல் அதை அப்படியே உலகின் முன்னணி மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உங்கள் கருதுகோள் பொய்த்தால் கைடிடம் போய்த் தலைகுனிந்து நிற்காதீர்கள். எண்களைச் ‘சரிசெய்து’ தர ஆட்கள் இருக்கிறார்கள், ஆய்வேட்டையே எழுதித் தரவும் கடை விரித்திருக்கிறார்கள். அந்த வாசல்களுக்கு மட்டும் போய்விடாதீர்கள். டீ போட்டுக் கொடுத்த அந்த அம்மாவுக்குச் செய்யும் துரோகம் அது.

மருத்துவத் துறையிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னையின் இன்னொரு ஆய்வையும் நினைவூட்டத் தோன்றுகிறது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நகரின் நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் மருந்து எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் தங்கள் ஒண்டுக்குடித்தனத்திலேயே இருந்துகொண்டு, அதே மருந்தை எடுத்துக்கொண்டார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் குணம் தெரிந்தது. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குத் தொற்றும் ஆபத்து கூடவில்லை என்பதும், அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது. 1959-இல் வெளியான அந்த ஓராண்டு முடிவு, காசநோயாளி என்றால் குடும்பத்தைப் பிரிந்து சானடோரியத்துக்குப் போக வேண்டும் என்ற நிலையை உலகெங்கும் மாற்றியது. அந்த ஆய்வின் உயிர், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதமிருக்கும் மாத்திரையை எண்ணிப் பார்த்த, சிறுநீரைச் சோதனைக்கு வாங்கிவந்த பணியாளர்களின் நடையில் இருந்தது.

கல்வியிலும் இதே கதைதான். கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகள் எவ்வளவு இழந்தார்கள் என்று எல்லோரும் பேசினார்கள்; அளந்து சொல்ல முடிந்தவர்கள் குறைவு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 2019-லேயே ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்து வைத்திருந்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரால் அதே பிள்ளைகளிடம் 2021 டிசம்பரிலும் 2022-லும் திரும்பிப் போக முடிந்தது. இழப்பு கடுமையாக இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் ஏறக்குறைய கால் பங்குக்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டம் காரணம். மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலப் பெண்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் செய்த வேலையின் பலன் இவ்வளவு என்று யாராவது போய்ச் சொன்னார்கள்?

இனி, துறை பிரிந்து கிடப்பதைப் பற்றி. பரங்கிப்பேட்டைக்கு அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டை எடுத்துக்கொள்கிறேன். சுற்றுலாப் படகுகள் போகும் அதே காட்டின் ஓடைகளில், இருளர் ஆண்களும் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும் என்பதால், பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். சேற்றுக்குள் கிடக்கும் சிப்பியும் வேரும் கையையும் காலையும் கிழிக்கும். உப்புத் தண்ணீரிலேயே நாள் முழுக்க நிற்பதால் புண் ஆறாது. அவர்களில் ஒரு பெண்மணியிடம் கடல் உயிரியல் ஆய்வாளர் போய் இறால் வகைகளைக் கேட்கிறார். பொதுச் சுகாதார ஆய்வாளர் இரத்தசோகையைக் கேட்கிறார். கல்வியியல் ஆய்வாளர் மகள் ஏன் எட்டாவதோடு நின்றாள் என்று கேட்கிறார். சமூகவியல் ஆய்வாளர் பழங்குடிச் சான்றிதழ் வாங்கப் பட்ட பாட்டைக் கேட்கிறார். நால்வரும் நான்கு ஆண்டுகளில், ஒருவரை ஒருவர் அறியாமல் வந்துபோகிறார்கள். மகள் படிப்பை நிறுத்தியது சான்றிதழ் கிடைக்காததாலா, தாயின் கால் புண்ணால் அவளும் தண்ணீரில் இறங்க வேண்டியிருந்ததாலா, இறால் குறைந்து வருமானம் போனதாலா என்பதற்கு விடை நால்வரின் நோட்டுகளிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரே பல்கலைக்கழக வளாகத்தில், ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள் நீங்கள். களத்துக்குப் போகும் முன் மற்றத் துறைகளில் அந்த ஊருக்குப் போனவர் யார் என்று விசாரியுங்கள். பிச்சாவரம் காடு முன்பு ஏன் சீரழிந்தது என்பதற்கு விடை கிடைத்ததும் இப்படித்தான். பழைய வனத்துறைப் பதிவுகளையும் தண்ணீரின் உப்பையும் நிலத்தின் மட்டத்தையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. முறை வைத்து மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை காய்ந்து உள்வாங்கி, கடல்நீர் தேங்கி, உப்பேறி, புதிய கன்று பிழைக்க வழியில்லாமல் போயிருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓடவிட்டபோது காடு திரும்பியது.

உப்பளங்களிலும் இதைப் பார்க்கலாம். ஸ்ரீராமச்சந்திராவின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் ஆய்வு செய்தார்கள். பெரும்பாலோர் வேலை செய்தது வரம்பு மீறிய வெக்கையில். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. பாத்தியில் நிழல் கிடையாது. கழிவறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதே குழுவினர் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய மற்றோர் ஆய்வில், கடும் வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரு மடங்கு. இந்த எண்களைக் கேட்டே தீர வேண்டியவர்கள் யார்? இதழாசிரியர்கள் பார்த்துவிட்டார்கள். உப்பளக்காரரும் தொழிலாளர் நலத்துறை ஆய்வாளரும் ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியரும், எல்லோருக்கும் முன்னால் அந்தப் பாத்தியில் நிற்கும் பெண்களும் கேட்க வேண்டும். தமிழில் கேட்க வேண்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். ஆய்வு முடிந்ததும் நான்கு பக்கத்தில் தமிழில் ஒரு சுருக்கம் எழுதுங்கள். ‘பதிலளிப்பாளர்களில் 63.4 விழுக்காட்டினர்’ என்று எழுத வேண்டாம். ‘ஏறக்குறைய மூன்று வீட்டில் இரண்டு வீடு’ என்று எழுதுங்கள். இப்போது நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் முன்கூட்டியே பேசி, பத்து நிமிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிரதியை ஊர்ப்புற நூலகத்துக்கும் ஒன்றைப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் கொடுங்கள். பேசும்போது ஊரார் மறுப்பார்கள். “அந்த வருசம் மழை இல்ல, அதான் அப்படி” என்பார்கள். “அந்தத் தெருவுல நீங்க கேக்கவே இல்லையே” என்பார்கள். அந்த இரண்டு வாக்கியங்களும் வைவாவில் எந்த எக்ஸ்டர்னலும் கேட்காத கேள்விகள்.

எல்லாவற்றையும் மேடையில் சொல்லிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யார் வீட்டில் எவ்வளவு கடன், எந்தத் தெருவில் யார் யாருக்குத் தண்ணீர் தர மறுக்கிறார்கள், எந்தப் பெண் அடிவாங்குகிறாள் என்பதைப் பெயரில்லாமல் சொன்னாலும் இருநூறு வீடு உள்ள ஊரில் ஆள் தெரிந்துவிடும். நீங்கள் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள். சொன்னவர் அங்கேயேதான் இருக்க வேண்டும். அங்கே எதைச் சொல்வது, எதை விடுவது என்று தகவல் தந்தவர்களிடமே முதலில் கேளுங்கள். காலனிக்குத் தனியாக ஒரு கூட்டம் தேவைப்பட்டால், ஊர்க்கூட்டத்துக்கு முன்னால் அங்கே போங்கள்.

இரத்தம் எடுக்கிறவர்கள், எடை பார்க்கிறவர்கள், இரத்த அழுத்தம் பார்க்கிறவர்கள் ஆய்வு முடியும் வரை காத்திருக்க உரிமை இல்லாதவர்கள். ஒரு பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 7 என்று உங்கள் நோட்டில் இருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. அந்த வாரமே அந்தச் சீட்டு அவள் தாயின் கையிலும், அவர்கள் சம்மதத்தோடு ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும்.

உங்கள் சங்கடங்களை அறியாமல் இவ்வளவும் கேட்கவில்லை. ஃபெல்லோஷிப் மாதக்கணக்கில் வருவதில்லை. பலருக்கு அது கிடைப்பதே இல்லை. பகுதிநேரமாகப் பதிவு செய்து, தனியார் கல்லூரியில் வகுப்பெடுத்துக்கொண்டே ஆய்வு செய்கிறீர்கள். ஊருக்குத் திரும்பிப் போகப் பஸ் காசும் விடுப்பும் யார் தருவார்கள்? பெண் ஆய்வாளர்களுக்கு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டிய கவலை வேறு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற நிபந்தனையை யுஜிசி 2022-இல் நீக்கிவிட்டது. ஆனாலும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கட்டுரைகளைத்தான் எண்ணுகிறார்கள். கிராம சபையில் பேசியதை யாரும் எண்ணுவதில்லை. இதை மாற்ற வேண்டிய பொறுப்பு உங்களுடையதல்ல, உங்கள் வழிகாட்டிகளுடையது, துணைவேந்தர்களுடையது. களப்பயணச் செலவில் திரும்பிப் போகும் பயணத்தையும் ஒரு தலைப்பாகச் சேர்ப்பதும், ஆய்வேட்டோடு தமிழ்ச் சுருக்கத்தையும் பெயர் நீக்கிய தரவையும் கட்டாயமாக வாங்கி நூலகத்தில் வைப்பதும் அவர்கள் ஒரு சுற்றறிக்கையில் செய்யக்கூடியவை. அவர்களிடம் கேளுங்கள். ஆய்வாளர் மன்றக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஒருவராகக் கேட்கத் தயங்கினால் நாலு துறையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

அது நடக்கும் வரை, உங்களால் முடிந்ததிலிருந்து தொடங்கலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே, ‘முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா, எப்படிச் சொன்னால் வசதி’ என்று ஒரு கேள்வியைச் சேருங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு போதும் என்பார் ஒருவர். மகள் படித்துச் சொல்வாள், தாளில் கொடுங்கள் என்பார் இன்னொருவர். “நீ நேர்ல வா” என்று சொல்கிறவர்களின் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆய்வேடுகளைத் தேடிப் படிக்கும் ஒரு வாசகன்